கருமை யாருடைய குறை?

2012இல் தொலைக்காட்சியில் ஓர் அந்தரங்கக் கழுவுநீர் விளம்பரம் வந்தது. கணவன் செய்தித்தாளில் மூழ்கியிருப்பான், மனைவி வாடியிருப்பாள். கழுவுநீர் அவளை 'அங்கே' வெளுக்க வைத்ததும் வீட்டில் சிரிப்பு திரும்பும்.

அதைத் திட்டியவள்தான் நான். ஆனால் பழைய பிளேடால் வறட்டு வறட்டென்று மழித்து, எரிச்சலும் கொப்புளமுமாக நடக்க முடியாமல் நடந்தவளும் நானே. புண் ஆறிய இடம் கருத்தபோது, வெளுக்க வைக்கும் கிரீமைத்தான் தேடினேன். விளம்பரம் எனக்குள்ளும் இருந்தது.

அது மறைத்த உண்மை எளிது. பருவமடைந்தபின் ஹார்மோன்களால் அவ்விடம் சற்றுக் கருத்திருப்பது இயல்பு. மழித்தபின் கூடும் கருமை, புண்பட்ட தோல் அதிகமாக மெலனின் சுரப்பதால் வருவது. அழுக்கல்ல, கழுவினால் போகாது. புண்படாமல் பார்த்துக்கொள்வதே வழி. கத்தரியால் குட்டையாக வெட்டினாலே போதும். மழிப்பதென்றால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, புதிய பிளேடால், முடி வளரும் திசையில் மழிக்கலாம். பிறகு சில நாள் தளர்வான பருத்தி உள்ளாடை. மருத்துவர் சொல்லாத ஸ்டீராய்டு கிரீம் வேண்டவே வேண்டாம். அது தோலை மெலியவைக்கும்.

முடி இருந்தாலும் குறை, எடுத்த தடம் இருந்தாலும் குறை என்றால், இது யார் கண்ணுக்கான கணக்கு? நான் இப்போது கத்தரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.