விருந்தாளிக்கு வழிவிட்ட ஆர்கெஸ்ட்ரா

அமெரிக்க சிம்பொனி ஆர்கெஸ்ட்ராக்களுக்கு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் சீசன் தொடங்கும். முதல் நாள் கச்சேரி கொஞ்சம் கல்யாண ரிசப்ஷன் மாதிரி. நன்கொடையாளர்கள் கோட்டு சூட்டில் வருவார்கள். தேசிய கீதம் வாசிக்க எல்லாரும் எழுந்து நிற்பார்கள். வெளியூரிலிருந்து பெயர்பெற்ற பியானோ கலைஞர் ஒருவர் வந்திருப்பார். டிக்கெட் விற்பதே பாதி அந்தப் பெயரை வைத்துத்தான்.

நான் இருக்கும் ஊரின் ஆர்கெஸ்ட்ரா இந்த முறை விருந்தாளிக்காக எடுத்துக்கொண்டது பீத்தோவனின் 4-வது பியானோ கான்செர்ட்டோ. துணிச்சலான தேர்வு. 5-வது மாதிரி ஆரவாரமாகத் தொடங்கும் இசை இல்லை இது. அந்தக் கால வழக்கப்படி ஆர்கெஸ்ட்ரா முதலில் நீளமாக வாசித்து முடித்த பிறகுதான் பியானோ நுழையும். மொசார்ட் 1777-ல் எழுதிய 9-வது கான்செர்ட்டோவில் பியானோவை இரண்டாவது பாரிலேயே உள்ளே விட்டார். பீத்தோவன் இன்னும் ஒரு படி மேலே போய், பியானோவையே முதலில் பேசவிடுகிறார். அதுவும் மெதுவாக, 5 பார் மட்டும், ஜி மேஜரில். வயலின் கூட்டம் பதில் சொல்வதோ பி மேஜரில். கேள்வி ஒரு வீட்டு வாசலில், பதில் வேறு தெருவிலிருந்து. ஆக, இது இரண்டு தரப்பு பேசிக்கொள்ளும் இசை என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அந்த 5 பாரை விருந்தாளி அபாரமாக வாசித்தார். அவசரமே இல்லை. முதல் பகுதி முழுக்க எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

பிரச்சினை இரண்டாம் பகுதியில். மொத்தமே 72 பார், சுமார் 5 நிமிடம். தந்தி வாத்தியங்களும் பியானோவும் மட்டும். தந்திகள் எல்லாம் ஒரே மெட்டை உரக்க, வெட்டி வெட்டி, அதட்டுவதுபோல் வாசிக்க வேண்டும். பியானோ இடது பெடலை அழுத்தியபடி, சன்னமாக, பாடுவதுபோல் பதில் சொல்லும். அதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து கடைசியில் முணுமுணுப்பாகிவிடும். ஆர்ஃபியஸ் தன் பாட்டால் பாதாள உலகத்தை இளக்கிய கதையோடு இதை ஒப்பிடுவது இதனால்தான்.

அன்று தந்திகள் அதட்டவே இல்லை. முதல் பாரிலிருந்தே மரியாதையாக, அடக்கமாக வாசித்தார்கள். கோபமே இல்லாதவரை எப்படிச் சமாதானப்படுத்துவது? பியானோ கெஞ்சுகிறது, எதிரே ஏற்கனவே இளகிப்போன ஒரு கூட்டம் தலையாட்டுகிறது. பேச்சுவார்த்தையாக இருக்க வேண்டியது பக்கவாத்தியமாகிவிட்டது.

அவர்களால் முடியாது என்பதில்லை. இடைவேளைக்குப் பிறகு துவோர்ஷாக்கின் 8-வது சிம்பொனியில் அதே தந்திகள் அரங்கத்தையே உலுக்கினார்கள். காரணம் வேறு என்று நினைக்கிறேன். விருந்தாளிக் கலைஞர்கள் பெரும்பாலும் அந்த வாரம்தான் வந்து இறங்குவார்கள், ஒன்றிரண்டு ஒத்திகையோடு மேடை ஏறுவார்கள். நேரம் குறைவாக இருக்கும்போது இசை நடத்துநருக்குப் பாதுகாப்பான வழி, சத்தத்தைக் குறைத்து விருந்தாளியின் பின்னால் போவது. ஒத்திகைக் குறைவு ஒன்றும் புது வியாதி இல்லை. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில், பீத்தோவனே பியானோவில் உட்கார்ந்து இந்த கான்செர்ட்டோவைப் பொதுமேடையில் முதன்முதலாக வாசித்த கச்சேரி, கடும் குளிரில் சுமார் 4 மணி நேரம் ஓடியது. கடைசி உருப்படியான கோரல் ஃபேண்டசி நடுவில் தடம்புரண்டு, மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. ஆனால் அது துணிந்து போய் விழுந்த விழல். இங்கே நடந்தது விழாமல் இருப்பதற்காக நடக்காமலே இருந்தது.

இதை ஏன் இவ்வளவு பெரிதுபண்ணுகிறேன்? தொடக்க நாளில்தான் முதன்முறை கேட்க வருகிறவர்கள் அதிகம். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டாம் பகுதி முடிந்ததும் "மனசுக்கு எவ்வளவு அமைதி" என்றார். அவர்மேல் தப்பில்லை, அவருக்குக் கொடுத்தது அதைத்தான். தூக்கத்துக்கு நல்ல இசை என்ற எண்ணத்தோடு அவர் வீட்டுக்குப் போயிருப்பார். இந்த இசையில் ஒரு சண்டை இருக்கிறது, அதைக் குரல் உயர்த்தாமல் ஒருவர் ஜெயிக்கிறார் என்பது அவர் காதுக்குப் போகவே இல்லை.

எந்தப் பதிவு கிடைத்தாலும் அந்த 5 நிமிடத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். பியானோவை விடுங்கள், தந்திகளை மட்டும் கவனியுங்கள். அவர்கள் எந்த இடத்தில் இளகுகிறார்கள் என்று உங்களால் விரல் வைத்துச் சொல்ல முடிந்தால், அது நல்ல வாசிப்பு.