ரூபிக் கனசதுரத்துக்குள் மாடிப்படி

பகலெல்லாம் ராட்டினத்திலும் வரிசையிலும் போய்விடும். அறை தேவைப்படுவது இரவில் காலை நீட்டத்தான். ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2003 டிசம்பரில் திறந்த பாப் செஞ்சுரி விடுதி, இந்தக் கணக்கு தெரிந்து கட்டியது.

அங்குள்ள மலிவு ரக விடுதிகளில் ஒன்று. 2,880 அறைகள். கட்டடங்கள் என்னவோ சாதாரண நான்கு மாடிப் பெட்டிகள்தான். கதவைத் திறந்தால் திறந்தவெளி நடை. அந்தச் சிக்கனத்தை மறைப்பவை ராட்சதப் பொம்மைகள். கட்டடங்கள் ஒவ்வொரு பத்தாண்டின் பெயரில்: 1950களுக்கு பௌலிங் கட்டைகள், 1960களுக்கு யோ-யோ, 1980களுக்கு ரூபிக் கனசதுரம். எல்லாம் மாடி உயரம். கனசதுரத்துக்குள் ஒளிந்திருப்பது மாடிப்படி!

அறைக்குள்ளும் இதே சாமர்த்தியம். பகலில் சாப்பாட்டு மேசை நிற்கும் இடத்தில், இரவில் சுவரிலிருந்து இரண்டாவது கட்டில் இறங்குகிறது. இட்லிப் பொட்டலம் பிரிக்கவும் அதே இடம், பிள்ளைகள் உருளவும் அதே இடம்.

2019 செப்டம்பரில் விடுதியை ஒட்டிய ஏரிக்கரைக்கே ஸ்கைலைனர் கேபிள் கார் வந்தது. கட்டணமில்லை. எப்காட் பூங்காவிலிருந்து தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுத் திரும்பும் அப்பாவுக்கு, வாடகை கொஞ்சம் என்பது அப்போது நினைவிலேயே இருக்காது.