ஏழா, பதின்மூன்றா, முப்பத்தொன்பதா?

புதுவைக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது பிள்ளைச்சாவடி. அண்மையில் எனக்குக் கிடைத்த ரசீது ஒன்றில் இந்த ஊர்ப்பெயர் ‘பிள்ளை’ என்பதோடு நின்றுவிட்டது. அதன் பின், கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி! அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அளவு தவறினால் இயற்பியல் ஆசிரியனுக்கு உறக்கம் வராது.

இப்பெயரில் எத்தனை எழுத்துகள்? பி, ள், ளை, ச், சா, வ, டி என ஏழு. தொடக்கப்பள்ளி மாணவனும் சொல்வான். இதையே பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியிடம் கேளுங்கள். நீளம் காணும் ‘லென்’ 13 என்று விடை தரும். யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக மாற்றிவிட்டுக் கேட்டாலோ 39!

முதலில் 39-ஐப் பார்ப்போம். யூடிஎஃப்-8 முறையை 1992-இல் கென் தாம்ப்சன், ராப் பைக் ஆகிய இருவர் வகுத்தனர். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. புதுவைத் தெருப்பலகைகளில் காணும், தலையில் கோடிட்ட பிரெஞ்சு எழுத்துக்கு இரண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘ப’ என்பது 224, 174, 170. முதல் எண்ணே ‘நாங்கள் மூவர்’ என்று அறிவித்துவிடும். பின்வருபவை எப்போதும் 128 முதல் 191-க்குள் இருக்கும். ஆகவே நடுவில் வெட்டினால் கணிப்பொறி கண்டுகொள்ளும். ரசீதில் ஊர்ப்பெயருக்கு 20 பைட்டுகள் ஒதுக்கியிருந்தார்கள் என்று கொள்வோம். 18 பைட்டுகளில் ‘பிள்ளை’ முடிந்தது. எஞ்சிய இரண்டும் ‘ச’வின் துண்டுகள். அந்தச் சாய்சதுரம் அவற்றின் அடையாளமே. முறையில் குற்றமில்லை, பைட்டை எழுத்தென்று எண்ணி இடம் ஒதுக்கியதே குற்றம்.

என் வழக்கு 13-உடன்தான். 1991-இல் வெளிவந்த யூனிகோடு, இந்திய மொழிகளுக்கான 1988-ஆம் ஆண்டின் இஸ்கி அமைப்பைத் தழுவித் தமிழுக்கு இடம் தந்தது. அதில் ‘ச’ ஒரு குறி. ‘ச்’ என்பது ‘ச’வும் புள்ளியுமாக இரண்டு குறிகள். நம் இலக்கணமோ மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்கிறது. இங்கு உயிர்மெய்யிலிருந்து மெய் பிறக்கிறது! இதனால் பெயரின் முதல் ஏழு ‘எழுத்து’களைக் கேட்டால், பைத்தான் ‘பிள்ளைச’ என்று புள்ளியையும் தின்றுவிட்டுத் தருகிறது. பைட்டையும் எழுத்துக்குறியையும் கலக்கவிடாமல் பைத்தான் 3 கண்டிப்புக் காட்டுவது பாராட்டத்தக்கதே. ஆனால் குறியை எழுத்து என்று பாடம் நடத்துவது தமிழ் மாணவனை ஏமாற்றுவதாகும். ஆப்பிளின் சுவிஃப்ட் மொழி இதே பெயருக்கு ஏழு என்றே விடை சொல்கிறது.

எழுத்துக்கு ஒரு குறி என்னும் டேஸ்-16 முறையைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது. கருத்து அழகானது. ஆயினும் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் குடியிருப்பதால் பொதுவான மென்பொருள்கள் அதை அறியா. நான் அதற்காக வாதாடமாட்டேன். எண்ணும் விதத்தை மாற்றினால் போதும். 13-இல் புள்ளியும் கொம்பும் காலும் போன்ற சார்புக்குறிகள் ஆறு. அவற்றை விட்டு எண்ணினால் ஏழு வந்துவிடுகிறது.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். ‘கொ’வை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகள் முதலதில் ஆறு, அடுத்ததில் ஒன்பது. இரண்டும் சமமா என்று பைத்தானைக் கேளுங்கள், இல்லை என்னும்.