பாட்டு முந்தி, படம் பிந்தி

தமிழக–கேரள எல்லையில், புளியறைச் சோதனைச்சாவடியில் லாரி வரிசைக்கு நடுவே குடும்ப வேன் ஒன்று சிக்கிக்கொண்டால் பெரியவர்கள் இறங்கி முதுகை நிமிர்த்துவார்கள். பிள்ளைகள் இறங்க மாட்டார்கள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மலைப்பாதையின் எஸ் வளைவில் வண்டி ஏறும்போது சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள். பாலருவிக்கோ தென்மலைக்கோ போய்ச் சேர்வதற்குள் அப்பாவின் கல்லூரிக் காலப் பாட்டு நாலாம் வகுப்புப் பெண்ணுக்கு மனப்பாடமாகிவிடும். அது எந்தப் படம் என்று அவளுக்குத் தெரியாது. பல சமயம் அப்பாவுக்கே மறந்திருக்கும்.

தமிழ்த் திரைப்பாட்டைப் பற்றி நான் படித்த ஆய்வுகளில் இந்தப் பெண் தென்படவில்லை. சு. தியடோர் பாஸ்கரனின் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ (1981) நாடக மேடையும் இசைத்தட்டும் சினிமாவும் தேசிய இயக்கத்துக்குக் குரலான கதையைச் சொல்கிறது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தின் அரசியலைப் பிரித்துக் காட்டினார். சாரா டிக்கி மதுரையில் எளிய மக்களோடு பழகி, அவர்களுடைய சினிமா வாழ்க்கையை 1993இல் நூலாக்கினார். நாடகப் பாட்டு இசைத்தட்டுகளின் வியாபாரம் பேசும்படத்துக்கு எப்படிப் பாதை போட்டது என்று ஸ்டீபன் ஹ்யூஸ் எழுதியிருக்கிறார். எல்லாம் தேவையான வேலைகள்தாம். ஆனால் இவை கொட்டகையை, ரசிகர் மன்றத்தை, மேடையைப் பார்த்த கண்கள். கட்டுச்சோறும் துண்டும் எடுத்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பும் வீட்டை எட்டிப் பார்த்தது குறைவு.

அந்த வீட்டை ஆராய்வதில் ஒரு சிக்கலும் உண்டு. ஹாலிவுட்டில் ‘மியூசிக்கல்’ தனி வகை. 1965இல் வந்த ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’கைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால், ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்ப்பது. நமக்கோ 1931இன் ‘காளிதாஸ்’ முதற்கொண்டு எல்லாமே பாட்டுப் படம். தனி வகை இல்லாததால் தனியாகக் காட்டும் சடங்கும் இல்லை. படத்திலிருந்து பாட்டு கழன்று விழுந்து, வண்டியில் ஏறிக்கொள்கிறது. பிள்ளைக்குப் பாட்டுதான் முதலில் வருகிறது. படம் பத்து வருடம் கழித்து வரலாம், வராமலும் போகலாம்.

இதைச் சீரழிவு என்று வருந்துபவர்களைச் செங்கோட்டைக்கு ஒரு நடை கூட்டிப்போக வேண்டும். புளியறையிலிருந்து கூப்பிடு தூரம். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்த ஊர். பெயரின் முதலெழுத்தே செங்கோட்டைதான். சின்னப் பையனாக மேடையேறி, உச்ச ஸ்தாயியில் ஊரையே கட்டிப்போட்டு, கே.பி. சுந்தராம்பாளோடு சேர்ந்து பாடி, 1933இல் இருபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தார். தமிழில் பேசும்படம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் ஒரு படத்திலும் நடித்ததில்லை. அவருடைய நாடகத்தைப் பார்த்தவர் எவரும் இன்று மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. இசைத்தட்டுகள் மட்டும் தங்கின. படமே இல்லாமல் பாட்டால் மட்டும் மூன்று தலைமுறை தாண்டிய மனிதர் இந்த மண்ணில் இருக்கும்போது, வேனில் பாட்டுக் கேட்கும் பெண்ணுக்கு என்ன குறை?

இன்னும் பின்னால் போகலாம். குற்றாலத்தை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய குற்றாலக் குறவஞ்சி, பாடி ஆடுவதற்கான நாடகம். வசந்தவல்லி பந்தாடுகிறாள், இறைவன் உலா வருகிறான், குறத்தி சிங்கி குறி சொல்கிறாள், அவள் கணவன் சிங்கன் அவளைத் தேடி அலைகிறான். முழு நாடகத்தை மேடையில் பார்த்த தமிழர் மிகக் கொஞ்சம். குரங்குகள் பழம் கொடுத்துக் கொஞ்சும் பாட்டைப் பள்ளியில் படித்தவர்களோ எண்ணில் அடங்கார். ஐந்தருவிச் சாலையில் குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கியதும் அந்தப் பாட்டை எடுத்துவிடாத தமிழாசிரியரை நான் பார்த்ததில்லை. நாடகம் பிந்தி, பாட்டு முந்தி. பழக்கம் சினிமாவோடு தொடங்கியதல்ல.

வாகனம்தான் மாறியது. முதலில் இலங்கை வானொலி, அடுத்து கேசட். சுற்றுலா வேன்களில் கேசட் வந்தபோது, எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்ற அதிகாரம் ஓட்டுநரிடம் போனது. நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவது முன் இருக்கைப் பையனின் வேலை. இன்று போன்; ஆளுக்கொரு காதுக்குழாய் வந்த நாளில் ஒரே பாட்டை ஒரே வேனில் எல்லாரும் கேட்பது குறைந்துவிட்டது. எனக்கு அதில் மட்டும் வருத்தம்தான்.

முழுப் படத்துக்குப் பிள்ளைகளை உட்கார வைக்க முடிகிறதா? முடிகிறது, பாட்டே கதையாக இருந்தால். ‘திருவிளையாடல்’ (1965) இன்றும் பிழைத்திருப்பது பக்தியால் மட்டுமல்ல. ஹேமநாத பாகவதரோடு மோத ஆளில்லாத மதுரைக்கு இறைவனே விறகுவெட்டியாக வந்து பாடுகிறார். பாட்டை நீக்கினால் அந்தப் பகுதியில் கதையே இல்லை. ஒரே திரையில் பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் எல்லாம் சிவாஜியாகவே இருப்பதைப் பார்க்கும் பிள்ளை, எத்தனை சிவாஜி என்று எண்ணத் தொடங்கிவிடும். அதே வருடத்துக் ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில் குட்டி பத்மினி இரட்டையராக வந்தார். மூலக்கதை ஹாலிவுட்டின் ‘தி பேரண்ட் டிராப்’. 1969இன் ‘சாந்தி நிலையம்’ ஜேன் அயர் கதையோடு சவுண்ட் ஆஃப் மியூசிக்கின் பிள்ளைக் கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. மார்கஸ் பார்ட்லிக்கு வண்ண ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்த படம். கதை இன்று இழுவைதான். பிள்ளைகள் பாடும் இடங்களில் மட்டும் பிள்ளைகள் நிமிர்கிறார்கள்.

எல்லையில் இருப்பதால் புளியறைக்காரர்களுக்கு மலையாளப் பாட்டுப் பெட்டியும் திறந்திருக்கிறது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர்; அந்த மலையாள வாடை காதில் இன்னும் இருக்கிறது. 1984இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாக மலையாளத்தில் வந்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’, இளையராஜா இசை. சுழலும் அறைக்குள் பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடந்தபடி பாடுகிற காட்சிக்கு மொழி குறுக்கே நிற்கவில்லை.

குற்றாலத்துப் பேரருவியில் இன்னொன்று கவனித்திருக்கிறேன். தண்ணீரின் இரைச்சலில் பாடுகிறவருக்கே தன் குரல் கேட்காது. அதனால்தான் வீட்டில் வாய் திறக்காத பிள்ளைகூட அங்கே தொண்டை கிழியப் பாடுகிறது. 1904இல் போட்ட செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையிலும் குகைக்குள் வண்டி நுழைந்ததும் இதே கதை. அந்தப் பாதையை அகலப்பாதையாக்க 2010இல் மூடி, 2018இல் திறந்தார்கள். இடைப்பட்ட பிள்ளைகளுக்குக் குகை இருட்டில் கத்தும் யோகம் இல்லை.

ஆடி மாதத்து வழக்கமான கடைசி நிறுத்தம் சுந்தரபாண்டியபுரம். ‘ரோஜா’ (1992) கதையில் நாயகியின் ஊர். சூரியகாந்திப் பூவைப் பார்க்கக் கேரளத்திலிருந்தும் வண்டி வண்டியாக வருகிறார்கள். ‘அந்நியன்’ (2005) படத்தின் ஒரு பாட்டுக்காக இங்கே பாறைகளில் நடிகர்களின் முகங்களைத் தீட்டினார்கள். ஊருக்கு இப்போது அது அந்நியன் பாறை. வெயிலும் சாரலும் பட்டுச் சாயம் வெளிறிவிட்டது. “இது யாரு தாத்தா?” என்று ஒவ்வொரு பாறையாகக் காட்டிப் பிள்ளைகள் கேட்கின்றன. எம்.ஜி.ஆர். என்றோ சிவாஜி என்றோ சொன்னால் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு வரி முணுமுணுக்கிறார்.

“இது நம்ம வேன்ல போட்ட பாட்டுல்லா!”