ஓரத்தில் சிரிப்பவர்கள், நடுவில் இருப்பவர்கள்

இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளின் ஓரங்களில் நடக்கும் கூத்து நம்ம ஆட்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. முயல் வேடனைக் கட்டி இழுத்துப் போகிறதா, போதும். உடனே 'விளிம்பின் கலகம்' என்று பெயர் வைத்து, பக்தினை ஒரு வாய் சாட்சி சொல்லச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

லட்ரல் சங்கீதச் சுவடியை எடுத்துக்கொள்வோம். 1325க்கும் 1340க்கும் இடையில், லிங்கன்ஷயரில் இர்ன்ஹாம் என்ற ஊரின் நிலப்பிரபு ஜெஃப்ரி லட்ரல் காசு கொடுத்துச் செய்யச் சொன்னது; இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நடுவில் லத்தீன் சங்கீதம். ஓரத்தில் மனிதத் தலையும் மிருகக் காலுமாய் விநோதப் பிறவிகள். பெண்டாட்டி நூல் நூற்கும் கோலால் புருஷனைச் சாத்துகிறாள். பக்கத்தின் அடியில் உழவு, விதைப்பு, அறுப்பு, கதிரடிப்பு. அடடா, உழைக்கும் மக்கள் பிரதிக்குள் நுழைந்துவிட்டார்கள் என்கிறோம். யார் நுழைய விட்டது? 1315இல் தொடங்கிய பெரும்பஞ்சம் முடிந்து ரொம்ப நாள் ஆகிவிடவில்லை. இவர்களோ வண்ண உடுப்பில், முணுமுணுப்பில்லாமல் வேலை செய்கிறார்கள். மைக்கேல் கமீல் 1998இல் இந்தச் சுவடியைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். இது உழவர் வாழ்வைக் காட்டும் கண்ணாடி அல்ல என்பது அவர் வாதம். சரியாகத்தான் சொன்னார். இது பிரபு பார்க்க விரும்பிய வயல். எழுத்தர் எழுதி முடித்து விட்டுவைத்த இடத்தில் கூலிக்கு வரைந்த படம்.

அந்த முயல்கள்? அவை ஸ்மித்ஃபீல்ட் டெக்ரிட்டல்ஸ் சுவடியில் இருக்கின்றன. போப் ஒன்பதாம் கிரகோரியின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு அது. ஓரத்தில் முயல்கள் வேடனைப் பிடித்து, விசாரணை நடத்தி, தலையை வெட்டுகின்றன. கவனியுங்கள்: விசாரணை நடத்தி! ஆள் மாறியிருக்கிறது, நீதிமன்றம் அப்படியே இருக்கிறது. நடுவில் எழுதியிருக்கும் சட்டத்தின்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

1381இல் இங்கிலாந்து உழவர்கள் நிஜமாகவே எழுந்தபோது எந்த ஓரத்திலும் எதுவும் வரைந்துகொண்டிருக்கவில்லை. யார் யாருக்கு என்ன ஊழியம் செய்யக் கடன்பட்டவர் என்று எழுதிவைத்திருந்த பண்ணை நீதிமன்றச் சுருள்களைத் தேடித்தேடி எரித்தார்கள்.

ஒரே ஒரு இடத்தில் தயங்குகிறேன். பதினான்காம் நூற்றாண்டுப் பாரிசில் ரிச்சர்டு, ஜான் த மோன்பாஸ்தோன் என்று புருஷன் பெண்டாட்டி சுவடித் தொழில் செய்தார்கள். புருஷன் செத்தபிறகு, 1353இல் பல்கலைக்கழகத்தின் முன் பிரமாணம் செய்து அந்தம்மாவே தொழிலை நடத்தினார். அவர்கள் பட்டறையின் 'ரோஜாக் காவியம்' சுவடி ஒன்றில், கன்னிகாஸ்திரீ ஒருத்தி மரத்திலிருந்து ஆண்குறிகளைப் பறித்துக் கூடையில் போடுகிறாள், கத்திரிக்காய் பறிக்கிற மாதிரி. காவியமோ பெண்களைச் சகட்டுமேனிக்கு ஏசுவது. வரைந்த கை அந்தம்மாவுடையது என்று பலர் கருதுகிறார்கள். இதுவும் கூலி வேலைதான், காசு கொடுத்தவனும் பார்த்துச் சிரித்திருப்பான். இருந்தாலும் இந்தப் படத்துக்கு மட்டும் யாராவது 'கலகம்' என்று எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.