கோட்டையை வரைந்தவர்களும் கொட்டகையை மறந்தவர்களும்

பழைய கட்டட ஓவியமொன்றைக் கண்டால் அதன் அழகை வியந்து அப்பால் நகர்ந்துவிடுவது நம்மவர் வழக்கம். அதை வரைந்தவர் யார், யாருக்காக வரைந்தார் என வினவுவோர் மிகச் சிலரே.

ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர்தம் சகோதரர் மைந்தர் வில்லியமும் சென்னைக்கு வந்தது 1792-ல். திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் நாடு கும்பினியார் கைக்கு மாறிய ஆண்டும் அதுவே. வாணியம்பாடிக்குத் தெற்கே விரிந்துகிடக்கும் அந்நாட்டின் இராயக்கோட்டை முதலான மலைக்கோட்டைகளை அவர்கள் வரைந்தனர். 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்த 144 படங்களுள் அவையும் அடங்கும். புதிதாய் வந்த சொத்துக்கு எழுதிய சிட்டா என்றே அவற்றை நாம் மதிக்கிறோம். சென்னையில் கோட்டை வாயிலுக்கும், கவர்னர் மாளிகைக்கும், ஆங்கிலேயர் கூடிக் களித்த மண்டபத்துக்கும் தனித்தனிப் படங்கள் உண்டு. நம் மக்கள் வாழ்ந்த பகுதிக்கு இட்ட தலைப்போ 'கறுப்பர் பட்டணம்'! ஒரு சமுதாயம் மற்றொன்றை எவ்விதம் நோக்கியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையின் இடிபாடுகள் அவர்களை வெகுவாகக் கவர்ந்தன. கைத்திறனில் குறை காண இடமில்லை. ஆயின் மனிதர்கள் பெரும்பாலும் தூணின் உயரத்தை உணர்த்தும் அளவுகோலாகவே நிற்கின்றனர்.

அரபு மதரஸாக்களில் ஓதப்படும் 'மகாமாத்துல் ஹரீரி'க்கு யஹ்யா அல்-வாஸித்தீ 1237-ல் தீட்டிய ஓவியங்களைப் பாருங்கள். பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள அப்பிரதியில் ஒரு கிராமம் வருகிறது. பள்ளிவாசலும் மினாராவும் பின்னே இருக்க, நூல் நூற்கும் பெண்ணும், ஆடுகளும், கூரைமேல் கோழியும் தெரிகின்றன. ஊர் உயிரோடிருக்கிறது.

உருவம் வரைதல் ஆகாதே என்பர் சிலர். உயிரற்றவற்றை வரையலாம் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தந்த விளக்கம். துருக்கியரான நஸூஹ் மத்ராக்கி ஓர் ஆள் உருவமும் இன்றியே பக்தாதையும் ஹலபையும் 1537-ஆம் ஆண்டு நூலில் தீட்டிக் காட்டினாரே!

ஆம்பூரில் சுண்ணாம்புக் குழிகளும், ஆவாரம்பட்டை மணக்கும் தொட்டிகளும், தோல் உலர்த்தும் கொட்டகைகளும் நம் முன்னோர் உழைத்த கட்டடங்கள். அவை இடிகின்றன, ஏட்டிலேற்றுவார் அரிது. சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளும் அவ்வாறே. வரைய முன்வரும் இளைஞர் மண்டிக்காரரின் மாடிவீட்டோடு நின்றுவிடலாகாது. குழியில் இறங்கியவரின் குடிசையும், 1996-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்குக்குக் காரணமான பாலாற்றுக் கழிவுநீரும் படத்தில் இடம்பெறவேண்டும். அவற்றை விலக்கினால் அவரும் மற்றொரு டேனியலே.