குழித்தறிக்குள் ஒரு நீல விளக்கு

பெட்டியில் அச்சடித்த எண்களை விட்டுவிடுகிறேன். பிளக்கில் செருகினால் நீல விளக்கு எரியும், நம் காதுக்கு எட்டாத ஒலி கிளம்பும், எலிகள் வீட்டைக் காலி செய்யும். எல்லா மீயொலி எலிவிரட்டியும் சொல்வது இதைத்தான். நான் வாங்கியது ஆறு வாரம் பிள்ளையார்பாளையத்தில், எங்கள் தறிக்கூடத்தில் எரிந்தது.

குழித்தறி வீட்டுக்கு எதிரி சுண்டெலி அல்ல, பெருச்சாளி. தெலுங்கு பேசும் நெசவாளர்கள் பந்திகொக்கு என்பார்கள், பன்றி எலி. ஆங்கிலத்தின் பாண்டிகூட் அந்தச் சொல்லிலிருந்து போனதுதான். பேருக்கேற்ற தோண்டல். குழிச் சுவரில் வளை போட்டு, காலையில் அப்பா கால் வைக்கும் இடத்தில் ஒரு கூடை மண்ணைத் தள்ளியிருக்கும். மண்ணை அள்ளிவிடலாம். கஞ்சி போட்ட பாவில் வாய் வைத்தால்தான் வயிறு எரியும். அறுபது இழை போனால் அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் முடிச்சுப் போட வேண்டும். சேலையில் முடிச்சு தெரிந்தால் கூலியில் பிடிப்பார்கள். விஷம் வைக்கலாம் என்றால், வளைக்குள் செத்து நாறும் குழியில் யார் உட்கார்ந்து நெய்வது?

ஆகவே கருவி. மூன்று நாள் புது மண் இல்லை. தெருவெல்லாம் பெருமை அடித்தேன். நாலாம் நாள் இரண்டு கூடை.

காரணம் எளிது. 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிய ஒலி காற்றில் சீக்கிரம் தேயும். சுவரைத் துளைக்காது, மூலை திரும்பாது, துணியில் பட்டால் அமுங்கும். பாவும் நூலும் நிறைந்த கூடத்தைக் கடந்து அது எப்படிக் குழிக்குள் இறங்கும்? நேரே பட்டாலும் எலி சில நாளில் பழகிவிடும். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2001-லேயே இத்தகைய கருவிகளை விற்ற 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, அறிவியல் ஆதாரமின்றி விளம்பரம் செய்யக் கூடாதென்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நான் வாங்கிய பிறகு படித்தேன்.

கருவி வேலையே செய்யவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். பிளக்குக்கு நேர் எதிரே, நூல் பெட்டி மேல் எங்கள் பூனை படுத்திருக்கும். பூனைக் காதுக்கு 60 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். இரண்டாம் நாளே எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனது, அங்கேயே தங்கிவிட்டது. "எலியை வெரட்டுடான்னா பூனையை வெரட்டி வச்சிருக்கே" என்றார் அம்மா.

போன வாரம் கழற்றிவிட்டேன். பூனை இன்னும் திரும்பவில்லை. நேற்று பக்கத்து வீட்டு மாமா வாசலில் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, அந்த மெஷின் என்ன வெல? இங்க வரைக்கும் வேலை செய்யுதுப்பா, எங்க வீட்ல ஒரு எலிகூட இல்ல!"